பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே சொகுசுக் கப்பலுக்கு ரூட் போடுவது: எங்கிருந்து தொடங்கணும்?

#1 பாய்மரம்

வணக்கம் நண்பர்களே. கப்பல் ஏஜென்சி ஒன்றின் அவசரகாலக் கையேட்டுக்காக ஒரு அத்தியாயம் எழுதணும். கோவிட் மாதிரி இன்னொன்று வந்து, எல்லைகள் பாதி மூடி பாதி திறந்திருக்கும் காலத்தில் சொகுசுக் கப்பலுக்குப் பயணத்திட்டம் எப்படிப் போடுவது என்பதுதான் பொருள்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது: 2,000 கேபின் உள்ள கப்பல், சிங்கப்பூரில் கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்பும் 4 இரவுப் பயணம். 2020 டிசம்பரில் இருந்த கட்டுப்பாடுகள் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமா போர்ட் பட்டியல், பெர்த் (துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் இடம்) கிடைக்கும் தேதி, தூரம், வேகம் என்ற வரிசையில்தான் வேலை நடக்கும். இந்தச் சூழலில் அந்த வரிசை செல்லுமா? வேலை தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியா இருக்கும்.

#2 நங்கூரம்77

செல்லாது சார். வரிசையைத் தலைகீழா மாத்துங்க.

சாதாரண நாளில் எந்த ஊர் விற்கும், பெர்த் எப்போ காலி, எண்ணெய்ச் செலவு எவ்வளவு, இந்த மூணையும் பார்த்தா ரூட் வந்துடும். பெருந்தொற்றில் முதல் கேள்வி வேற: கப்பலில் ஒருத்தருக்கு உறுதியானா எந்தத் துறைமுகம் நம்மைக் கட்ட விடும்? அந்தத் துறைமுகத்தை மட்டும் பேனாவில் எழுதுங்க. மத்ததெல்லாம் பென்சில்.

வெஸ்டர்டாம் நடந்ததைப் பாருங்க. 2020 பிப்ரவரி 1 அன்று ஹாங்காங்கை விட்டுக் கிளம்பின கப்பல். உறுதியான நோயாளி ஒருத்தரும் இல்லை. ஆனாலும் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து எல்லாம் வேண்டாம்னுட்டாங்க. கடைசியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானூக்வில்தான் இடம் கொடுத்தது. ரூட் போட்ட நாளில் அந்த ஊர் யார் கணக்கிலும் இருந்திருக்காது.

"ஏத்துக்குவோம்" என்று துறைமுகம் வாயால் சொன்னா போதாது. எழுத்தில் வாங்கவேண்டியவை: முடிவெடுப்பது யார், துறைமுக ஆணையமா, சுகாதாரத் துறையா, குடிவரவா? ஒரே நாளில் எத்தனை நோயாளிகளை இறக்கலாம்? எந்த கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் பாலம்), ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், எந்த மருத்துவமனை? நோய் இல்லாத ஆனா தொடர்பில் இருந்தவங்களை எங்கே தங்கவைப்பாங்க, எத்தனை அறை? நோயாளி கேபினிலிருந்து வரும் குப்பையை எந்த நிறுவனம் எடுக்கும்?

அமெரிக்காவில் 2020 அக்டோபர் 30 அன்று வந்த நிபந்தனைப் பயண ஆணையும் இதையேதான் கேட்டது. துறைமுகம், மருத்துவம், தங்குமிடம் என மூணு ஒப்பந்தம் கையெழுத்தாகாம பயணிகளை ஏற்ற முடியாதுன்னு இருந்தது. தங்குமிட ஒப்பந்தத்தில்தான் நிறையப் பேர் தேங்குவாங்க. மருத்துவமனை கிடைச்சிடும். 300 பேரைத் தனித்தனி அறையில் 14 நாள் வைக்க ஹோட்டல் கிடைக்காது.

#3 திருமலைக்காரன்

நங்கூரம் அண்ணை சொன்னதோட ஒரு சட்ட விசயத்தையும் சேர்க்கவேணும். 2005ஆம் ஆண்டுச் சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகளின் 28ஆம் உறுப்புரைப்படி, பொதுச் சுகாதாரக் காரணத்தைச் சொல்லி ஒரு கப்பலை நுழைவிடத்துக்கு வரவிடாமல் தடுக்கக்கூடாது. அந்த இடத்தில் வசதி இல்லையெண்டால் பக்கத்தில் உள்ள பொருத்தமான துறைமுகத்துக்கு அனுப்பலாம். ஆனால் 2020இல் நாடுகள் அதைப் பார்த்து நடக்கவில்லை. ஆகவே கையேட்டில் அதை உரிமையாக எழுதுங்கோ, திட்டத்தில் அதை நம்பாதேங்கோ.

இரண்டாவது, கடல்சார் சுகாதாரப் பிரகடனம். கப்பல் வரமுதல் துறைமுகச் சுகாதார அதிகாரிக்குக் கொடுக்கிற படிவம். அதில் பயணம் தொடங்கியதிலிருந்து, அல்லது கடந்த 30 நாளில், இரண்டில் எது குறைவோ அந்தக் காலத்தில் தொட்ட துறைமுகங்கள் எல்லாவற்றையும் தேதியோட எழுதவேணும். ஒரு துறைமுகத்தைத் தொட்டால் அது அடுத்தடுத்த துறைமுகங்களுக்கும் உங்களோட வரும். வெஸ்டர்டாமுக்கு நடந்தது அதுதான். நோயைப் பார்த்துத் தடுக்கவில்லை, ஹாங்காங் எண்ட வரியைப் பார்த்துத் தடுத்தார்கள். ஆகவே ஆபத்து மட்டம் கூடின ஊரைச் சேர்ப்பதென்றால் அதைப் பயணத்தின் கடைசியில் வையுங்கோ, நடுவில் வேண்டாம்.

மூன்றாவது, ஒருவழிப் பயணம் கூடவே கூடாது. ஸாண்டாம் கப்பல் 2020 மார்ச் 7 அன்று புவனஸ் அயர்ஸிலிருந்து வெளிக்கிட்டு, சிலியின் சான் அன்டோனியோவில் முடிக்க இருந்தது. சிலி மூடினதும் திரும்பிப் போகவும் வழியில்லை, முன்னுக்குப் போகவும் இடமில்லை. மார்ச் 29 இரவு பனாமாக் கால்வாயைக் கடந்து, ஏப்ரல் 2 அன்றுதான் புளோரிடாவில் கட்டியது. அதற்குள் கப்பலில் நான்கு பேர் இறந்திருந்தார்கள்.

#4 தெம்பனிஸ்

சிங்கப்பூர் விவரம் கேட்டிருக்கீங்க, அதனால சொல்றேன்.

2020 நவம்பர் 6 அன்று வேர்ல்டு டிரீம் கப்பல் முதலில் கிளம்பியது. டிசம்பர் தொடக்கத்தில் குவாண்டம் ஆஃப் த சீஸ் சேர்ந்தது. இரண்டுமே எந்தத் துறைமுகத்தையும் தொடாத சுற்றுப் பயணம். பயணிகள் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, கப்பல் முழுக்க வெளிக்காற்று, குருஸ்சேஃப் என்ற சிங்கப்பூரின் கப்பல் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ் என்றால் காகிதம் மட்டும் இல்லை. யாருக்காவது கிருமி உறுதியானா அடுத்து என்ன செய்வது என்பதை ஒத்திகையாகவே பார்த்தார்கள்.

டிசம்பர் 9 அன்று அது தேவைப்பட்டது. 4 நாள் பயணத்தின் மூன்றாம் நாள், 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கப்பலிலேயே செய்த பிசிஆர் பாசிட்டிவ். குவாண்டம் உடனே திரும்பி, அன்று காலை 8 மணிக்கு மரினா பே முனையத்தில் கட்டியது. பயணிகள் 1,680 பேர், ஊழியர்கள் 1,148 பேர். தொடர்புத் தடமறிதல் முடியும்வரை எல்லாரும் கேபினுக்குள். மறுநாள், தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகத்தின் மறுபரிசோதனைகளில் அவருக்குக் கிருமியே இல்லை என்று உறுதியானது.

திட்டம் போடுறவருக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: முடிவு வந்த சில மணி நேரத்தில் கப்பல் பெர்த்தில் இருந்தது. அது தற்செயல் இல்லை, கடலில் கப்பல் எங்கே சுற்றவேண்டும் என்பதே அதற்காகத்தான் போடப்பட்டது. பெர்த்தும் காலியா இருந்தது. பயண நாட்கள் முழுக்க ஒரு பெர்த்தைக் காலியா வைத்திருக்கச் செலவாகும். ஆனா அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத திட்டம் முழுமையாகாது.

#5 ஷிப்_நர்ஸ்

83 வயதுக்காரர் விஷயத்தை விதிவிலக்குன்னு நினைக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பரிசோதனை 99.5 சதவீதம் துல்லியமா "இல்லை"ன்னு சொல்லும்னு வைங்க. ஒருத்தருக்குக்கூட நோய் இல்லாத 3,000 பேருக்கு அதைச் செஞ்சா, 15 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். இறங்கும் முன் எல்லாருக்கும் டெஸ்ட் வெச்சா, ஒவ்வொரு பயணத்திலும் இது வரும்னு எடுத்துக்கணும்.

அதனால கப்பலிலேயே இரண்டாவது வழி வேணும்: வேற கிட், புதுசா எடுத்த வேற சாம்பிள், முடிஞ்சா வேற மெஷின். முதல் பாசிட்டிவ் வந்ததும் நோயாளியைத் தனிமையில் வைக்கறது, கூட வந்தவங்களைக் கேபினில் நிறுத்தறது, மறுபரிசோதனை, கேப்டனுக்கும் கரைக்கும் தகவல், இதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடணும். மறுபரிசோதனை முடிவு வர்ற வரை கரைக்குச் சொல்லாம இருக்கலாமேன்னு சில பேர் கேட்பாங்க. கூடாது. ஒருமுறை தாமதமா சொன்னா, அந்தத் துறைமுகம் அடுத்த தடவை நம்பாது.

தனிமைக் கேபின்கள்: மொத்தக் கேபினில் 5 சதவீதம் ஒதுக்குங்க. உங்க கப்பலுக்கு 100. சிதறி இருக்கக்கூடாது, ஒரே தளத்தில் ஒரே தீத்தடுப்புப் பகுதிக்குள்ள இருக்கணும். அந்தப் பகுதிக்குத் தனி லிஃப்ட், அந்த லிஃப்ட் கீழே மருத்துவ அறைக்கும் பக்கவாட்டுக் கதவுக்கும் நேராப் போகணும். பால்கனி இருந்தா நல்லது, பத்து நாள் ஜன்னல் இல்லாத அறையில் ஆளை வைக்கறது கொடுமை. அந்தக் கேபின்களைக் கடைசி நிமிஷத் தள்ளுபடியில் வித்துடுவாங்க, விற்பனைப் பிரிவு எப்பவும் கேட்கும். ரிசர்வேஷன் சிஸ்டத்திலேயே அந்த எண்களை எடுத்துடுங்க.

#6 எஞ்சின்ரூம்

எங்கேயும் போகாத பயணம்னு சொல்றவங்க யாரும் தண்ணியைப் பத்திப் பேசறதில்ல. பேசியே ஆகணும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 லிட்டர் நல்ல தண்ணி. 2,000 பயணி (கேபினுக்கு இருவர்னா 4,000, அதில் 50 சதவீதம்), 1,100 க்ரூ (ஊழியர்கள்), மொத்தம் 3,100. 220 லிட்டர்னு வெச்சா தினம் 680 டன். சாதாரண ஓட்டத்தில் எவாப்பரேட்டர் (கடல் தண்ணியை ஆவியாக்கி நல்ல தண்ணி எடுக்கும் மெஷின்) அதைக் கடலிலிருந்து எடுத்துடும், ஏன்னா அதுக்கு வேண்டிய சூடு எஞ்சின் கூலிங் வாட்டரிலிருந்து சும்மா வருது. நீங்க 6 நாட், 7 நாட்ல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) ஊர்ந்தா எஞ்சின் சுமை சரிஞ்சு போகும். உந்து சக்தி தோராயமா வேகத்தோட மும்மடிக்குப் போகும், 18லிருந்து 12க்கு இறக்கினாலே முப்பது சதவீதம்தான் மிஞ்சும். ஹோட்டல் லோடு (விளக்கு, ஏசி, சமையலறைக்கான மின்சாரம்) மட்டும் ஓடும். அந்தச் சூட்டில் எவாப்பரேட்டர் பாதி உற்பத்தி கொடுத்தா பெரிசு. மிச்சத்துக்கு ஆர்ஓ ஓட்டணும், அது கரண்ட் குடிக்கும். இல்லேன்னா கிளம்பும்போதே டாங்கை நிரப்பிக்கணும், அதுக்கு பெர்த்தில் பங்கரிங் (தண்ணி ஏத்தும்) நேரம் ஒதுக்கணும்.

இன்னொண்ணு, துறைமுகத்துக்குள்ளேயும் ஆங்கரேஜிலும் கரையோர அழுக்குத் தண்ணியிலும் நல்ல தண்ணி தயாரிக்கக்கூடாது. அதனால "பத்திரமா பக்கத்திலேயே நங்கூரம் போட்டு நிப்போம்"ங்கற யோசனை நாலு நாளைக்குத் தாங்காது.

அடுத்தது கழிவு. கப்பல்களால் கடல் மாசாவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் நாலாம் இணைப்புப்படி, சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே, 4 நாட் வேகத்துக்குக் குறையாம ஓடும்போதுதான் விடலாம். அரைச்சுக் கிருமி நீக்கினதுன்னா 3 மைல். சிங்கப்பூர் நீரிணையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 12 மைலுக்குள்ள ஏதாவது ஒரு கரை. போக்குவரத்துப் பிரிப்புத் தடத்தில் சும்மா சுத்தவும் முடியாது. அதனால கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போய்த்தான் ஆகணும். அங்கேயும் தியோமான், அனம்பாஸ் தீவுகளிலிருந்து தூரம் பார்த்து வட்டம் போடணும். மேப்பில் காலியாத் தெரியற இடமெல்லாம் காலி இல்ல.

#7 பாய்மரம்

மிக்க நன்றி. தண்ணீர்க் கணக்கு என் பட்டியலில் இல்லவே இல்லை, சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி: போர்ட் கிளாங்கும் பினாங்கும் பக்கத்திலேயே இருக்கு. மலேசியா திறந்துவிட்டால் இரண்டில் ஒன்றைச் சேர்க்கலாமா? விற்பனைக்கு அது பெரிய பலம்.

#8 நங்கூரம்77

சேர்க்கலாம், ஆனா அந்த நிமிஷத்திலிருந்து கப்பல் இரண்டு நாட்டுச் சுகாதார விதிக்குக் கட்டுப்படும். இரண்டும் ஒரே நாளில் மாறாது. ஒண்ணு மாறினா மொத்தத் திட்டமும் விழும்.

அலாஸ்காவைத்தான் இதுக்குப் பாடமா வைக்கணும். 1886ஆம் வருஷத்து அமெரிக்கப் பயணிக் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் சியாட்டிலில் கிளம்பி அலாஸ்காவைப் பார்த்துவிட்டு சியாட்டிலுக்கே திரும்பணும்னா, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடணும். அதுக்காகத்தான் பெரும்பாலான கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சாயங்காலம் வந்து நள்ளிரவில் கிளம்பும். 2021 பிப்ரவரியில் கனடா 100 பேருக்கு மேல் ஏற்றும் சொகுசுக் கப்பல்களை 2022 பிப்ரவரி 28 வரை தடை செஞ்சது. அவ்வளவுதான். சியாட்டிலும் திறந்திருக்கு, அலாஸ்காவின் ஜூனோவும் திறந்திருக்கு, கெட்சிகனும் திறந்திருக்கு, ஒரே ஒரு ராத்திரி நிறுத்தம் போனதால் மொத்த சீசனும் நின்னது. பயணிகள் இறங்காம சும்மா தொட்டுட்டுப் போறோம்னு அலாஸ்கா அரசியல்வாதிகள் கேட்டாங்க, கனடா இசையலை. கடைசியில் அமெரிக்கா சட்டத்தையே தற்காலிகமா மாத்தவேண்டியிருந்தது. 2021 மே 24 அன்று கையெழுத்து, ஜூலை 19 அன்று செரனேட் ஆஃப் த சீஸ் சியாட்டிலிலிருந்து கிளம்பியது.

ஒரு திட்டத்தில் எந்தக் கண்ணி அறுந்தா மொத்தமும் போகும்னு முதலிலேயே சிவப்பு மை அடிக்கணும். பயணிகளுக்கு அதிகம் பிடிச்ச ஊரா அது இருக்கணும்னு அவசியம் இல்லை. பெரும்பாலும் யாரும் கவனிக்காத சட்ட நிறுத்தமாத்தான் இருக்கும்.

ஒரே நாட்டுக்குள்ளேயும் இதே சிக்கல் வரும். 2021 கோடையில் இங்கிலாந்து உள்நாட்டுக் கப்பல் பயணங்களை அனுமதிச்சப்போ ஸ்காட்லாந்து தன் துறைமுகங்களைத் திறக்கலை. அங்கே உள்ள கிரீனாக் துறைமுகத்தைச் சேர்த்துத் திட்டம் போட்டவங்க மாத்தவேண்டியதாச்சு. கொடி ஒண்ணா இருந்தாலும் சுகாதார அதிகாரம் யார் கையில்னு பார்க்கணும்.

கிளாங், பினாங்கைச் சேர்த்தா இப்படி எழுதுங்க: பென்சில் போர்ட், கிளம்பறதுக்கு 72 மணி நேரம் முன்னாடி உறுதி, 24 மணி நேரம் முன்னாடி மறு உறுதி, இல்லேன்னா கடல் நாள் (எந்த ஊரையும் தொடாத நாள்). பிரசுரத்திலும் டிக்கெட் நிபந்தனையிலும் அதே வாசகம். உண்மையில் சிங்கப்பூர்க் கப்பல்கள் மறுபடி மலேசியத் துறைமுகங்களைத் தொட்டது 2022 நடுப்பகுதியில்தான்.

#9 திருமலைக்காரன்

எனக்கு இதில் வேறு கருத்து இருக்கு. எங்கேயும் போகாத பயணமும் இரண்டு நாட்டுப் பயணமும் மட்டும்தான் தெரிவுகள் எண்டில்லை. ஒரே நாட்டுத் துறைமுகங்களை மட்டும் கோர்ப்பது மூன்றாவது வழி, எனக்கு அதுதான் சிறந்ததாகத் தெரியுது.

2020 யூலை 26 அன்று எக்ஸ்புளோரர் டிரீம் கப்பல் தைவானின் கீலுங்கிலிருந்து வெளிக்கிட்டு உள்நாட்டுத் தீவுகளுக்குப் போனது. உலகத்தில் பெரிய கப்பல்கள் திரும்ப ஓடத் தொடங்கின முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. பயணிகளும் உள்ளூர், தீவுகளும் உள்ளூர், முடிவெடுக்கிற அதிகாரமும் ஒன்று. இத்தாலியில் கோஸ்டா டெலிசியோசா 2020 செப்டெம்பரில் திரியெஸ்தேயிலிருந்து இத்தாலியத் துறைமுகங்களை மட்டும் தொட்டது. பயணிக்கு ஊர் பார்த்த திருப்தி, துறைமுகக் கடைக்காரருக்கு வருமானம், கப்பலுக்கு வழியெல்லாம் பெர்த்.

ஒரு நாட்டுக்குள் மூன்று துறைமுகம் இருந்தால் திரும்பிவரக்கூடிய இடமும் மூன்று. வட்டமடிக்கிற பயணத்தில் ஒன்றே ஒன்று. அதில் புயலோ வேலைநிறுத்தமோ வந்தால் என்ன செய்வியள்?

#10 தெம்பனிஸ்

தைவானுக்கும் இத்தாலிக்கும் அது பொருந்தும் அண்ணே. சிங்கப்பூருக்கு எங்கே இரண்டாவது துறைமுகம்? ஒரே தீவு. இங்கே கிடைத்த ஒரே வழி அதுதான்.

அதே நேரம், ஒரே அதிகாரம் என்பதால் எல்லாம் சுலபம் என்றும் இல்லை. ஹாங்காங்கில் 2022 ஜனவரி 5 அன்று ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலை ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வரச் சொன்னார்கள். கப்பலில் யாருக்கும் பாசிட்டிவ் வரவில்லை. ஒன்பது பயணிகள் கரையில் நடந்த ஒமிக்ரான் தொற்றுக்கு நெருங்கிய தொடர்பு என்று கண்டுபிடித்தது கரைக்குழு. ஆகவே திட்டத்தில் இரண்டு விசை வேண்டும்: கப்பலில் நோய் வந்தால் ஒன்று, கரையிலிருந்து தகவல் வந்தால் இன்னொன்று. இரண்டாவதற்குக் கப்பலில் யார் எந்தக் கேபினில், யார் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்ற பதிவு கையில் தயாராக இருக்கவேண்டும். குவாண்டமில் பயணிகளுக்குக் கைப்பட்டை கொடுத்தது அதற்குத்தான்.

#11 நங்கூரம்77

திருமலை அண்ணே சொல்றது சரி, உள்நாட்டு வட்டம் கிடைச்சா அதை விடக்கூடாது. ஆனா ஊரில் இறக்கினா இறக்கின ஆளைக் கட்டுக்குள் வைக்கறது பெரிய வேலை, அதையும் திட்டத்தில் எழுதணும்.

2020 ஆகஸ்ட் 16 அன்று எம்எஸ்சி கிராண்டியோசா ஜெனோவாவிலிருந்து 7 இரவுக்குக் கிளம்பியது. சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டாவின் வல்லெட்டா. கரைக்குப் போறவங்க நிறுவனத்தோட சுற்றுலாவில் மட்டும்தான் போகலாம்னு விதி. நேப்பிள்ஸில் ஒரு குடும்பம் குழுவை விட்டு விலகிப் போச்சு, அவங்களைத் திரும்ப ஏத்திக்கலை. கடுமையாத் தெரியும். ஆனா ஒரு தடவை தளர்த்தினா, அடுத்த துறைமுகம் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

நடைமுறையில் ஒரு பஸ்ஸுக்கு 25 பேர், அதே 25 பேர் நாள் முழுக்க ஒரே குழு. ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்னிக்குக் காலை டெஸ்ட். 800 பேர் இறங்கினா 32 பஸ். சின்ன ஊரில் 32 பஸ் கிடைக்காது, இரண்டு நடையா விடணும், அப்ப 8 மணி நேர நிறுத்தம் 11 மணி நேரமாகும். அந்த மூணு மணி நேரத்தை அடுத்த ஓட்டத்தில் வேகமாப் போய்த்தான் பிடிக்கணும், எண்ணெய் எரியும். ரூட் போடும்போதே இதைச் சேர்க்கலைன்னா ஒவ்வொரு வாரமும் கேப்டன் சண்டை போடுவார், அவர் பக்கம் நியாயம் இருக்கும்.

கரீபியனில் பல நிறுவனங்கள் பஹாமாஸில் இருக்கும் சொந்தத் தீவுகளை நம்பினதும் இதனால்தான். தீவில் இறங்கறவங்க எல்லாம் அதே கப்பல் ஆள், வேலை செய்றவங்களுக்கும் நிறுவனமே டெஸ்ட் வெக்குது. 2021 டிசம்பரில் கப்பல்களில் தொற்று இருக்குன்னு அரூபா, குராசாவ், மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டான்னு பல இடங்களில் நிறுத்தம் மறுக்கப்பட்டப்போ, சொந்தத் தீவு வெச்சிருந்தவங்ககிட்ட மாற்று இருந்தது.

#12 ஷிப்_நர்ஸ்

க்ரூ பத்தி யாரும் தொடலை. அங்கேதான் பல திட்டங்கள் உடைஞ்சது. 2020 ஜூலையில் நார்வேயில் ரோல்டு அமுண்ட்சென் கப்பலில் வந்த தொற்றில் பாதிக்கப்பட்டவங்களில் நிறையப் பேர் ஊழியர்கள்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் போதுமான தனிமைப்படுத்தல் இல்லாம வேலையில் சேர்ந்தது பெரிய பிரச்சினையாச்சு. பயணிகள் ஒரு வாரத்தில் இறங்கிடுவாங்க. க்ரூ அடுத்த பயணத்துக்கும் அதே கப்பலில் இருப்பாங்க. தொற்று ஒரு பயணத்திலிருந்து அடுத்ததுக்குத் தாண்டுறது அவங்க வழியாத்தான்.

பின்னோக்கி எண்ணுங்க. முதல் பயணி ஏறும் நாள் பூஜ்யம். அதுக்கு முன் 14 நாள் கப்பலிலேயே தனிக் கேபினில் தனிமை. அதுக்கு முன் விமானம், விசா, கிளம்பும் ஊரில் பிசிஆர், அதுக்கு ஒரு வாரம். தனிமை முடிஞ்ச பிறகு பயிற்சி, ஒத்திகைக்கு இன்னொரு வாரம். ஆக, குறைந்தது 4 வாரம். விமானங்கள் ஒழுங்கா ஓடாத காலத்தில் 6 வாரம் வைங்க. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வர்றவங்கதான் பாதிக் கப்பலை நடத்தறாங்க, அந்த நாடுகளில் விமானம் நின்னா சமையலறையும் நிக்கும்.

க்ரூ கேபின் பெரும்பாலும் இருவர் அறை. தனித்தனியா வைக்கணும்னா 1,100 பேரில் 350, 400 பேரைப் பயணிகள் கேபினுக்கு மாத்தணும். தனிமைக்கு 100, க்ரூவுக்கு 400 போக உங்ககிட்ட 1,500 கேபின். 50 சதவீத உச்சவரம்பில் 2,000 பயணிகளுக்கு அது தாராளம். கேபின் இடிக்காது, சாப்பாட்டுக் கூடம்தான் இடிக்கும்.

#13 எஞ்சின்ரூம்

வெளிக்காற்று பத்தி ஒரு வார்த்தை. ஏசியில் உள்காற்றைச் சுத்த விடாம முழுக்க வெளிக்காற்றே எடுத்தா, சிங்கப்பூர் ஈரக்காத்தில் சில்லர் (ஏசிக்குக் குளிர் தரும் மெஷின்) மூச்சு வாங்கும். கூட ஒரு ஜெனரேட்டர் ஓடவேண்டி வரலாம். கேபின்ல வேர்க்குதுன்னு புகார் வந்தா யாராவது டேம்பரை (வெளிக்காற்று வரும் வழியின் கதவை) மூடிடுவாங்க. அதைப் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்க. மறுபக்கம், அந்தக் கூடுதல் சுமையால் எவாப்பரேட்டருக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கும்.

#14 தெம்பனிஸ்

முனையத்தில் ஏற்றும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 2,000 பேருக்கும் ஏறும் இடத்திலேயே விரைவுப் பரிசோதனை என்றால், ஒருவருக்கு 3 நிமிடம், ஒரு முகப்பில் மணிக்கு 20 பேர். 20 முகப்பு வைத்தால் மணிக்கு 400 பேர், மொத்தம் 5 மணி நேரம். முடிவு வர அரை மணி நேரம் என்றால் எந்நேரமும் 200 பேர் இடைவெளி விட்டு உட்காரவேண்டும். பாசிட்டிவ் வந்தவர் வெளியேறும் வழி மற்றவர்கள் வரும் வழியோடு குறுக்கிடக்கூடாது. நேரம் ஒதுக்கிய பிறகும் மக்கள் முன்கூட்டியே வந்துவிடுவார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்ப ஆள் வேண்டும்.

முந்தைய பயணத்தின் ஆட்கள் இறங்கும் அதே நாளில் இதைச் செய்ய முடியாது. இரண்டு பயணத்துக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள்.

#15 பாய்மரம்

எல்லாவற்றையும் வைத்து வரைவு போட்டேன், பாருங்கள்.

முதல் நாள் 10:30 முதல் 15:30 வரை ஏற்றம், 17:00 கிளம்பல், கிழக்கே தென்சீனக் கடல். 2, 3, 4ஆம் நாட்கள் கடல். எந்த நேரமும் 17 நாட் வேகத்தில் 12 மணி நேரத்தில் பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி) ஏறும் இடத்துக்குத் திரும்பும்படி, அதாவது 204 கடல் மைலுக்குள் வட்டம். பகலில் 6 நாட், இரவில் 14 நாட். 4ஆம் நாள் மாலை எல்லாருக்கும் டெஸ்ட். 5ஆம் நாள் 06:00 பைலட், 08:00 பெர்த். 6ஆம் நாள் காலி. 7ஆம் நாள் அடுத்த பயணம்.

#16 நங்கூரம்77

நல்லா வந்திருக்கு. மூணு திருத்தம்.

204 மைல் என்பது காகித வட்டம். நீரிணைக்குள் நுழைஞ்சதும் 17 நாட் கிடைக்காது, நெரிசலில் 12 வைங்க. பைலட், டக் (இழுவைப் படகு) கிடைக்க ஒன்றிரண்டு மணி நேரம். வட்டத்தை 150 மைலா சுருக்குங்க. ஒரு எஞ்சின் போனாலும் 12 மணி நேரக் கணக்கு நிக்குதான்னு எஞ்சின்ரூம் சாரைக் கேட்டு எழுதுங்க.

டெஸ்ட்டை 4ஆம் நாள் மாலைக்குத் தள்ளாதீங்க, காலையில் வைங்க. மாலையில் பாசிட்டிவ் வந்தா மறுபரிசோதனை முடிவு நடு ராத்திரி வரும், சுகாதார அதிகாரியைத் தூக்கத்தில் எழுப்பணும். காலையில் வந்தா பகலிலேயே பேசி முடிச்சு, 5ஆம் நாள் எந்த கேங்வே யாருக்குன்னு தீர்மானிச்சுடலாம்.

மூணாவது, 5ஆம் நாள் 08:00 பெர்த் பதிவு போதாது. முதல் நாள் 17:00இலிருந்து 6ஆம் நாள் இரவு வரை அதே பெர்த், அல்லது அதே தகுதியுள்ள மாற்று பெர்த், உங்க பேரில் எழுத்தில் இருக்கணும்.

#17 எஞ்சின்ரூம்

நாலு மெயின் ஜெனரேட்டரில் ஒண்ணு போனா 17 கஷ்டம், 14 கட்டாயம் வரும். 150 மைலுக்கு அது போதும். பகல் வேகத்தை 6லிருந்து 8 நாட் ஆக்குங்க, தண்ணி உற்பத்திக்கு. இரவு 14 ஓடும்போது 12 மைல் கணக்குப் பார்த்துக் கழிவை முடிச்சுக்கலாம். கிளம்பும்போது நல்ல தண்ணி டாங்க் 90 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும், அதுக்கு 6ஆம் நாள் முழுக்கப் பங்கரிங் போடுங்க.

#18 திருமலைக்காரன்

6ஆம் நாளில் நோயாளிக் கேபின் குப்பை இறக்கிறதுக்கும் நேரம் எழுதுங்கோ. மஞ்சள் பையில் இரட்டை உறை, தனிக் கூண்டு, எடுக்கிற நிறுவனத்தின்ட பெயர். அதை எழுதாமல் விட்டால் 7ஆம் நாள் அந்தக் கூண்டோட பயணிகளை ஏத்தவேண்டி வரும்.

#19 பாய்மரம்

வட்டம் 150 கடல் மைல், பகல் 8 நாட், டெஸ்ட் 4ஆம் நாள் 07:00, பெர்த் தொடர் பதிவு, 6ஆம் நாள் தண்ணீர் மற்றும் குப்பை. திருத்திய வரைவு நாளை போடுகிறேன். கிளாங், பினாங்கு பென்சிலில்தான் இருக்கும்.